ஆட்டின் ஏஸ் எங்கே என்று எனக்கு எப்படித் தெரிந்தது

என் கணவர் ஒரு கல்லுளிமங்கன். கல்யாணமான புதிதில் அதை அமைதியான சுபாவம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஊரில் எத்தனை பெண்கள் புருஷனின் வாய்க்குப் பயந்து சாகிறார்கள், எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று. வாயே திறக்காதவரோடு வாழ்வது அதைவிடப் பெரிய தொல்லை என்பது பிறகுதான் புரிந்தது. கலகெதரப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்ததை அவர் எனக்குச் சொன்னது, அங்கே முதல் நாள் வேலைக்குப் புறப்பட்டு வாசலில் சப்பாத்து மாட்டும்போது. அவருடைய தம்பி வெளிநாடு போகப்போகும் செய்தி, தம்பி போய் இறங்கிய பிறகு வந்தது. நடுவில் எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்தான்.

ஆனால் அந்த இரண்டு விஷயத்திலும் ஏதோ நடக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அவருடைய வலது கை சொல்லிவிட்டிருந்தது. மனதுக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கும்போது அந்தக் கையின் பெருவிரல் சுட்டுவிரலின் பக்கத்தை மெல்லத் தேய்க்கும். கணக்குப் பாடம் முடித்து வந்த வாத்தியார் விரலில் ஒட்டிய வெண்கட்டித் தூளை உதிர்ப்பது போலத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் ஏது வெண்கட்டி? அவருக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே தெரியாது. நானும் சொல்லவில்லை. வாயிலிருந்து வராத செய்தி கையிலிருந்தாவது வருகிறதே, அதையும் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன். விரல் தேய்ந்தால் ஏதோ இருக்கிறது. நான் விசாரிக்கத் தொடங்குவேன். தேயவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குவேன். என் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

மகள் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அப்போதுதான் சீட்டு உள்ளே வந்தது. முந்நூற்று நாலு ஆட்டம் இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஆளுக்கு எட்டுச் சீட்டு. சிவப்பு இதயம் போட்ட இனத்துக்கு எங்கள் பக்கம் ஆட்டின் என்று பெயர். எல்லாவற்றிலும் பெரியது ஜாக், அதற்கு அடுத்தது ஒன்பது, பிறகு ஏஸ், பிறகு பத்து; ராசா ராணியெல்லாம் அதற்கும் கீழே. ஒருவர் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்டு எடுத்து, மற்ற இனங்களை வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். ஆட்டம் தொடங்கிவிட்டால் எதிரே இருக்கும் பாட்னரிடம் பேசவும் கூடாது, சைகை காட்டவும் கூடாது. கண்ணைச் சிமிட்டுவது, காதைச் சொறிவது எல்லாம் கள்ளக்குறி. குறி போடுகிறவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அவனோடு யாரும் பிறகு உட்கார மாட்டார்கள். பேசாமலே பாட்னரைப் புரிந்துகொள்ள வேண்டிய ஆட்டம் எங்களுக்கு ஏற்றதுதானே.

நாங்கள் சுமாராகத்தான் ஆடினோம். ஆசிரியர் நலன்புரிச் சங்கம் ஒவ்வொரு வருட முடிவிலும் கண்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டி வைக்கும். கணவன் மனைவி சேர்ந்தும் ஆடலாம். நான் தபால் கந்தோரில் வேலை செய்கிறவள் என்றாலும் அந்த வழியில் எனக்கும் ஒரு கதிரை கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் இரண்டாவது ஆட்டத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, நான் சீட்டு நன்றாக விழவில்லை என்பேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் அவர் போனில் போக்கர் பார்க்கத் தொடங்கினார். காசு வைத்து அல்ல. சும்மா சில்லு வைத்து ஆடுகிற விளையாட்டு ஒன்று. அதைவிட, போக்கரில் பெரிய ஆட்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள்தான் அவரைப் பிடித்துக்கொண்டன. சீட்டாட்டத்துக்குப் படிப்பா என்று கேட்டேன். கணக்கு வாத்தியாருக்கு ரோசம் வந்துவிட்டது. "நாம ஆடிக்கிட்டே இருக்கோம். படிக்கவே இல்ல. அதுதான் பிழை" என்றார். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் வகுப்பாகிவிட்டன. மேல்வீட்டுத் தம்பதியை எதிர்க்கட்சியாக அழைத்துக்கொள்வோம். முன்பு ஒரு பின்னேரத்தில் பத்துப் பதினைந்து கை ஆடுவோம். இப்போது மூன்று நாலு கைதான். ஆனால் ஒவ்வொரு கையும் முடிந்த பிறகு சீட்டை அள்ளிக் கலக்க விடமாட்டார். யார் எதை எந்த வரிசையில் போட்டார்கள் என்று ஞாபகத்திலிருந்து திரும்ப அடுக்க வேண்டும். முதலில் எனக்கு இரண்டு சுற்றுக்கு மேல் ஞாபகம் நிற்கவில்லை. அழுகையே வந்தது. மேல்வீட்டு அம்மா சுகமில்லை என்று இரண்டு வாரம் வரவில்லை; எனக்கென்னவோ அது பொய்ச் சுகயீனம் என்றுதான் பட்டது.

அவருடைய இன்னொரு பாடம் எனக்குப் பிடித்தது. ஒரு சீட்டைப் போடுமுன் ஏன் போடுகிறேன் என்பதை மனதுக்குள் ஒரு முழு வசனமாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வசனம் வராவிட்டால் அது ஆட்டமில்லை, குருட்டு அதிர்ஷ்டம். வென்ற கையையும் விடமாட்டார். வென்றதாலேயே சரியாக ஆடினோம் என்று ஆகாதாம். பிழையாக ஆடி வெல்வதுதான் மனிதனைக் கெடுக்கிறதாம். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டும். கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் தண்ணீர் குடித்தே வயிறு நிரம்பிய நாட்கள் உண்டு.

சொல்லக் கூடாது, ஆனால் பலித்தது. தபால் கந்தோரில் கடிதங்களைப் பிரித்துப் போடும்போதே என் மனம் சீட்டை எண்ணத் தொடங்கியது. மேல்வீட்டார் எங்களை வெல்வதை மறந்தார்கள். போக்கரில் எதிராளியின் கையையும் மூச்சையும் கவனிக்கச் சொல்லித்தருவார்களாம். அதையும் பழகு என்றார். நான் பழகினேன். மேல்வீட்டு ஐயா நல்ல சீட்டு வந்தால் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார் என்பதைக் கண்டுபிடித்தேன். எதிராளியைப் பார்க்கப் பழகிய கண், பாட்னருக்கு முன்னால் மட்டும் மூடிக்கொள்ளுமா? அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

அந்த வருடப் போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம் வரை போனோம். வெளியே நல்ல மழை. தோற்ற ஜோடிகளும் மழை விடட்டும் என்று மண்டபத்திலேயே நின்றதால் எங்கள் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். எதிர்க்கட்சியில் ஒருவர் கலகெதரப் பள்ளிக்கூடத்தில் இவரோடு படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர். இவருக்கு இருக்கும் ஒரே நண்பர் என்றே சொல்லலாம். நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பாமல் இருக்க மாட்டார். மற்றவர் அவருடைய மச்சான். நடுவராக இருந்தவர் பேராதனையில் விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய குரல், அசைக்க முடியாத ஆள்.

கடைசிக் கை. கேட்டு எடுத்தது என் கணவர். முதல் ஆறு சுற்றும் எங்களுக்கே விழுந்தன. இந்த இடத்தில் இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எட்டுச் சுற்றும் உங்களுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டால், கடைசி இரண்டு சீட்டுக்கு முன் "கெப்ஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் அவற்றைப் போட வேண்டும். தெரிந்திருந்தும் சொல்லாமல் ஆடினால் தண்டம். தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலும் தண்டம். சொன்னவர் எப்படித் தெரியும் என்பதையும் சீட்டைக் கொண்டே விளக்க வேண்டும். தெரிய வேண்டியது தெரியவில்லை என்றாலும் குற்றம், தெரிய முடியாதது தெரிந்தாலும் குற்றம். இப்படி ஒரு சட்டம் வேறு எந்த ஊர் ஆட்டத்தில் இருக்கிறதோ தெரியாது.

என் கையில் மிஞ்சியவை ஆட்டின் ஜாக், ஆட்டின் பத்து. துரும்பு எல்லாம் இறங்கிவிட்டது. நான்தான் போட வேண்டும். ஜாக்கை வெல்ல ஒன்றுமில்லை. பத்தை வெல்லக்கூடிய ஒரே சீட்டு ஆட்டின் ஏஸ். அது இன்னும் வெளியே வரவில்லை. எதிரியிடம் இருந்தால் கெப்ஸ் கிடையாது. என் கணவரிடம் இருந்தால் உண்டு.

"கெப்ஸ்" என்றேன். ஜாக்கைப் போட்டேன். இவர் தன் ஏஸை அதன் மேல் வைத்தார். பத்தைப் போட்டேன். முடிந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர் முகத்தில் கல்யாண நாளுக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கிய சீட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம், எந்தக் கோபமும் இல்லாமல், சொல்லப்போனால் கொஞ்சம் வருத்தத்தோடுதான் கேட்டார். "அக்கா, ஏஸ் சேர்ட கையில ஈக்கிறது ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?"

நான் தயாராகத்தான் இருந்தேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் பாடம். ஆறாவது சுற்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சீட்டாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். யார் எதைப் போட்டார், யாரிடம் எந்த இனம் இல்லை, துரும்பு எப்போது தீர்ந்தது. கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. நடுவர் கண்ணை மூடித் தலையாட்டினார். ஆட்டின் இறங்கியது முதல் சுற்றில்தான், அதற்கு வந்தேன். நண்பர் ராசாவைப் போட்டார். நான் ஒன்பதால் பிடித்தேன். அவருடைய மச்சானிடம் ஆட்டினும் இல்லை, வெட்டத் துரும்பும் இல்லை. கடைசியாக என் கணவர் ராணியைப் போட்டார்.

அங்கே என் வாய் நின்றது.

சீட்டுத் தெரிந்தவர்கள் ஏன் என்று இந்நேரம் கண்டிருப்பார்கள். பாட்னரின் ஒன்பது வென்றுவிட்டது, போட இருக்கும் கடைசி ஆள் தான்தான் என்றால், கையில் ஏஸ் வைத்திருப்பவன் அந்த ஏஸைத்தான் கொடுப்பான். அதன் பதினொரு புள்ளி சும்மா வருகிறது. இவர் ராணியைப் போட்டார் என்றால், இவரிடம் ஏஸ் இல்லை என்றுதான் எந்த மூளையும் சொல்லும். இவர் கெப்ஸுக்காக ஏஸைக் கடைசிவரை அடக்கி வைத்திருந்தார். அது அவருக்குத்தான் தெரியும். சீட்டின்படி பார்த்தால் அந்த ஏஸ் நண்பரிடம் இருக்க வேண்டும். ஆனால் அது இவரிடம் இருப்பது எனக்குத் தெரியும். பகல் வெளிச்சம் போலத் தெரியும். எப்படி என்று தேடினேன். வசனம் வரவில்லை.

மேசை விளிம்பில் இருந்த அவருடைய வலது கை ஞாபகத்தில் வந்தது. ராணியைப் போட்ட கையோடு பெருவிரல் தேயத் தொடங்கியிருந்தது. அது நிற்கவே இல்லை.

"சீட்டில வராது போலயே, தங்கச்சி" என்றார் நடுவர். பின்னால் யாரோ "குறி" என்றார்கள். மெல்லத்தான் சொன்னார்கள். மழைச் சத்தத்தைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது.

என் கணவர் கணக்கு வாத்தியார் மட்டுமல்ல. சாதாரண தரப் பரீட்சைக்கு மேற்பார்வையாளராகப் போகிறவர். அந்த மண்டபத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் அவர்கீழ் பரீட்சை மண்டபத்தில் வேலை செய்தவர்கள். சட்டைக் கைக்குள் துண்டு மறைத்த பிள்ளையை இவர் எழுப்பி நிறுத்தியதைப் பார்த்தவர்கள். சொந்தக்காரப் பிள்ளை என்று கெஞ்சியும் விடாததற்காக இவரை வைதவர்களும் அங்கே இருந்தார்கள். இவரிடம் காணி கிடையாது, கார் கிடையாது, பேச்சுச் சாமர்த்தியம் அறவே கிடையாது. நேர்மையான ஆள் என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது. அது அந்த மேசையில் கிடந்தது.

சும்மா ஊகித்தேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தண்டத்தோடு போகும். ஆனால் ஐந்து சுற்றுக்கும் சீட்டுச் சீட்டாக விளக்கம் சொன்னவள் இதில் மட்டும் ஊகித்தேன் என்றால் எந்த மடையன் நம்புவான்? இவரோ என்னை முழு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு. சீட்டுலதான் இருக்கு, யோசிச்சுச் சொல்லு" என்றார். தன் மேல் பழி வருகிறது என்பதே அவருக்கு உறைக்கவில்லை. பாடம் படித்த மாணவி மறந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் இந்தப் பழி நீங்கும். ஆனால் அந்தக் கை எனக்கு இனி ஒன்றும் சொல்லாது. இரண்டும் ஒரே கணத்தில் எனக்குத் தெரிந்தன. யோசிக்க நேரமில்லை.

"சீட்டுல இல்ல" என்றேன். "அவரு எதையாவது ஒளிச்சு வச்சிருந்தா பெருவிரலத் தேய்ப்பாரு. எப்பவும். வீட்டுலயும். அவருக்கே அது தெரியாது."

மண்டபமே அவருடைய கையைப் பார்த்தது. அவரும் பார்த்தார், யாரோ மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

தெரியாது என்பதை எப்படி நம்புவது என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நியாயம்தான். நடுவர் சீட்டுக்கட்டை எடுத்தார். ஒவ்வொரு சீட்டாகக் கவிழ்த்துத் தருவதாகவும், இவர் மட்டும் பார்த்துவிட்டு, ஏஸா என்று கேட்டால் எதுவாக இருந்தாலும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "கையை மேசையில வையுங்கோ, மாஸ்டர்" என்றார்.

படித்த மனிதர், மற்றவர்களைச் சோதித்தே பழகியவர், அத்தனை பேர் நடுவில் கையை நீட்டி உட்கார்ந்தார். முதல் சீட்டு. இல்லை. கை அசையவில்லை. அடுத்தது. இல்லை. அசையவில்லை. மூன்றாவதைப் பார்த்தார். இல்லை என்றார். பெருவிரல் துடித்தது. அவர் அதை அடக்கப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. விரல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மெல்ல, தன்பாட்டில், தேய்த்தது. நடுவர் சீட்டைத் திருப்பினார். ஏஸ்.

ஒரே சிரிப்பு. நண்பர் எழுந்து வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பொய்யே சொல்ல வராத மனுஷன் என்று யாரோ தோளில் தட்டினார்கள். தெரிந்தோ தெரியாமலோ குறி குறிதான் என்று நடுவர் அந்தக் கடைசிக் கையை எதிர்க்கட்சிக்குக் கொடுத்தார். போட்டியில் தோற்றோம். பெயர் தப்பியது. போன பெயரைவிட இரண்டு மடங்காகவே திரும்பி வந்தது. ஆனால் இவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் நெடுநேரம் பேசவில்லை. அது வழக்கம்தான் என்று நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பேராதனைப் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"எவ்வளவு காலமா தெரியும்?"

"கல்யாணம் கட்டினதுலேருந்து."

"சொல்லவே இல்லியே நீ."

"நீங்க மட்டும் என்கிட்ட என்னத்தச் சொன்னீங்க?"



ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். அடுத்த ஞாயிறே தொடங்கிவிட்டார். சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்துக் கையைப் படம் பிடிப்பார். நான் சீட்டைக் கவிழ்த்துத் தர வேண்டும், கேட்க வேண்டும், விரல் அசைந்ததா என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை வேம்பாகக் கசந்தது. ஒரு முறை நன்றாக அசைந்த விரலை அசையவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடட்டுமே என்ற நப்பாசைதான். அவர் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்படிப் பொய் சொன்னால் எப்படி முன்னேறுவது என்று கோபித்துக்கொண்டார். கள்ளி நான் அகப்பட்டுக்கொண்டேன்.

அவர் ஒழுங்காகப் படித்தார், அதைச் சொல்ல வேண்டும். விரலை அடக்குவது சரிவராது என்று முதல் வாரமே கண்டுகொண்டார். அடக்கினால் துடிக்கிறது. ஆகவே கைக்கு வேறு வேலை கொடுத்தார். உள்ளங்கையை மேசையில் முழுதாகப் பதித்து, அந்தக் குளிர்ச்சியையே நினைத்துக்கொள்வது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு நான் அவசரப்படுத்தும்போது. சீட்டில் தேறியதும் அது போதாது என்றார். மனம் பதறும்போதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நிஜமான கேள்விகள் கேள் என்றார்.

நான் விளையாட்டாகத்தான் தொடங்கினேன். இன்றைக்குச் சொதி எப்படி என்றேன். நன்றாக இருந்தது என்றார். விரல் அசையவில்லை. அன்றைக்குச் சொதியில் நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

அடுத்த கேள்வி ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. "என்னையக் கட்டினதுக்கு எப்பவாச்சும் வருத்தப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல" என்றார். உள்ளங்கை மேசையில் அப்படியே இருந்தது. படத்தை ஓட்டிப் பார்த்து, துளி அசைவில்லை என்று சந்தோஷப்பட்டார். நான் பிளேன்டீ போடப் போகிறேன் என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். அழுதேன். வருத்தப்பட்டிருப்பார் என்பதற்காக அல்ல. உண்மை சொன்னாரா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதற்காக. முந்தைய காலமாக இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

பிறகு வந்த நாட்களில் வீடு எனக்கு இருட்டிவிட்டது. அவர் பேப்பர் வாசிப்பார், நான் கையைப் பார்ப்பேன். அது செத்ததுபோலக் கிடக்கும். ஒன்றுமில்லாததால் சும்மா கிடக்கிறதா, பழகியதால் சும்மா கிடக்கிறதா? நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் போய்விட்டன. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் பிந்திவிட்டது என்றால் சந்தேகம். பசியில்லை என்றால் சந்தேகம். அந்த மாதத்தில் அவருக்கு அடிக்கடி பசியில்லாமல் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை பேராதனையில் ஒரு வேலை இருக்கிறது என்று காலையில் போனவர் பின்னேரம் வந்தார். சட்டையைக் கழற்றிக் கொழுவிவிட்டு பெனியனோடு மேசையில் வந்து உட்கார்ந்தார். முழங்கை மடிப்பில் சிறிய பிளாஸ்டர் ஒன்று. என்ன அது என்றேன். ரத்தம் எடுத்தார்கள் என்றார். எதற்கு என்றேன். சும்மா, கிளினிக்குக்குப் போனேன் என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

உள்ளங்கை மேசையில் பதிந்திருந்தது. பெருவிரல் அசையவில்லை. நான் வெகுநேரம் பார்த்தேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும். மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. முன்பென்றால் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பேன். எழுந்திருக்கவில்லை.

"முந்தியெல்லாம் நான் பார்த்துத் தெரிஞ்சுக்குவேன்" என்றேன். "இப்ப என்னால முடியாது. நீங்க நல்லாப் படிச்சிட்டீங்க. இனி நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிரும்."

அவர் நான் ஊற்றி வைத்த தேத்தண்ணீரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் கல்லுளிமங்கன்தான் என்று நான் முடிவு கட்டியபோது, தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசிக்கத் தெரியாத பிள்ளை எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வயித்துல ஒரு கட்டி இருக்காம். எடுத்துப் பார்த்தாத்தான் என்னன்னு சொல்லலாமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருடத்தில் எல்லாம் முடிவதற்கு முன்பே அந்த மனிதர் வாய் திறந்து எனக்குச் சொன்ன முதல் செய்தி. அது ஒரு நல்ல செய்தியாக இருந்திருக்கக் கூடாதா?